கறுப்புக் கட்டைகளில் பிறந்த பாடல்கள்

நுழையும்முன்

ஒரு திரைப்பாடலைக் கேட்கும்போது பாடியவரின் குரலும் நடித்தவரின் முகமும் நம் நினைவில் நிற்கின்றன. அதனை எழுதியவர் யார் என்று கேட்போர் குறைவு. அமெரிக்கத் திரைப்படம் பேசக் கற்றுக்கொண்ட காலத்தில், அதற்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர்களுள் ஒருவர் இர்விங் பெர்லின். பாடலின் சொல்லையும் இசையையும் ஒருவரே ஆக்கும் அரிய திறம் அவருக்கு வாய்த்திருந்தது. ஆனால், அவர் இசைக்குறிகளை எழுதவோ படிக்கவோ அறியாதவர். பள்ளிக்கல்வியையும் இளமையிலேயே இழந்தவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் விவரிக்கிறது.

கப்பலில் வந்த சிறுவன்

உருசியப் பேரரசில் வாழ்ந்த ஒரு யூதக் குடும்பத்தில், எட்டுக் குழந்தைகளுள் கடைக்குட்டியாக 1888ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பிறந்தவர் இஸ்ரேல் பெய்லின். தந்தை மோசஸ், யூதர்களின் தொழுகைக் கூடத்தில் இறைப்பாடல்களை இசையுடன் பாடி வழிபாட்டை நடத்துபவர். நம் திருக்கோயில்களில் திருமுறை பாடும் ஓதுவாரை எண்ணிப் பார்த்தால் அப்பணியின் இயல்பு ஓரளவு விளங்கும்.

அந்நாளில் உருசியாவில் யூதர்களின் குடியிருப்புகள் மீது கும்பல்கள் பாய்ந்து சூறையாடுவதும் தீயிடுவதும் அடிக்கடி நிகழ்ந்தன. ஐந்து வயதுக்குள் தாய்நாட்டை விட்டு நீங்கிய இஸ்ரேலுக்கு அந்நாட்டைப் பற்றி எஞ்சியிருந்த நினைவு ஒன்றே ஒன்று. வழியோரத்தில் விரித்த ஒரு கம்பளியின்மீது தாம் கிடந்ததும், தம் வீடு எரிந்து சாம்பலானதும்தான் அந்நினைவு. 1893இல் அக்குடும்பம் கப்பலேறி நியூயார்க் வந்து சேர்ந்தது. மன்ஹாட்டனின் கீழைப்பகுதியில், ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. தந்தைக்குத் தொழுகைக் கூடத்தில் நிலையான பணி கிட்டவில்லை. யூத நெறிப்படி அறுக்கப்பட்ட இறைச்சிதானா என்று சோதித்துச் சான்றளிக்கும் வேலையில் அமர்ந்தார். பிள்ளைகள் யாவரும் ஆளுக்கொரு வேலைக்குச் சென்றனர். மாலையில் அவரவர் ஈட்டிய சில்லறையைத் தாயின் மடியில் கொட்டுவது அவ்வீட்டு வழக்கம். சிறுவன் இஸ்ரேல் தெருவில் செய்தித்தாள் விற்றான்.

1901இல் தந்தை இறந்தார். அப்போது இஸ்ரேலுக்குப் பதின்மூன்று வயது. தாயின் மடியில் மற்றவர்களைவிடக் குறைந்த சில்லறையையே தான் போடுவதாக உணர்ந்த அச்சிறுவன், வீட்டுக்குச் சுமையாக இருக்க மனமில்லாமல் வெளியேறினான். சில்லறைக் காசுக்கு இடம் தரும் விடுதிகளில் உறங்கினான். பௌவரி என்னும் பகுதியின் மதுக்கூடங்களில் பாடி, குடிப்பவர்கள் எறியும் காசைப் பொறுக்கினான். தந்தையிடமிருந்து பெற்ற சொத்து அந்தக் குரல் ஒன்றுதான். தொழுகைக் கூடத்தில் ஒலித்த குரலின் வாரிசு மதுக்கூடத்தில் ஒலிக்க நேர்ந்தது. வறுமை எவருடைய தகுதியையும் பார்த்து இடம் ஒதுக்குவதில்லை.

முப்பத்தேழு சென்ட்

சீனர்கள் மிகுதியாக வாழ்ந்த பெல் தெருவில் பெல்ஹாம் கஃபே என்னும் மதுக்கூடம் இருந்தது. அங்கு உணவும் மதுவும் பரிமாறிக்கொண்டே பாடுகின்ற பணியாளராக இஸ்ரேல் சேர்ந்தார். இரவு முழுதும் பாட்டு. விடியற்காலையில் தரையைக் கூட்டிப் பெருக்குதல். கூட்டம் கலைந்தபின் அங்கிருந்த பியானோவில் தாமே விரல்களைத் தட்டித் தட்டிப் பழகினார். கற்பிக்க எவருமில்லை.

பக்கத்து மதுக்கூடத்தின் பணியாளர்கள் இயற்றிய பாட்டொன்று நகரில் பரவியது. அதைக் கண்டு பொறாமையுற்ற பெல்ஹாம் கஃபே உரிமையாளர், தம் கடைக்கும் ஒரு பாட்டு வேண்டுமென்றார். கடையின் பியானோ கலைஞர் நிக்கல்சன் இசையமைக்க, இஸ்ரேல் சொற்களை எழுதினார். 1907இல் 'மேரி ஃப்ரம் சன்னி இத்தாலி' என்ற அப்பாடல் அச்சாகியது. அட்டையில் அவருடைய பெயர் ஐ. பெர்லின் என்று அச்சிடப்பட்டிருந்தது. அப்பெயரே நிலைத்தது, பின்னர் இஸ்ரேலை இர்விங்காக அவரே மாற்றிக்கொண்டார். அப்பாடலால் அவர் பெற்ற வருவாய் முப்பத்தேழு சென்ட். ஒரு டாலரில் பாதிகூட இல்லை.

இவ்விடத்தில் அக்காலத்துப் பாட்டு வணிகத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நன்று. வானொலி அப்போது இல்லை. இசைத்தட்டு வந்திருந்தாலும் எல்லார் வீட்டிலும் இடம்பெறவில்லை. நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் பியானோ இருந்தது. ஆகவே பாடலின் சொல்லையும் இசைக்குறிகளையும் அச்சிட்ட இசைத்தாள்களே விற்பனைப் பொருள்கள். நியூயார்க்கின் மேற்கு 28ஆம் தெருவில் இசைப் பதிப்பகங்கள் வரிசையாக அமைந்திருந்தன. ஒவ்வொரு பதிப்பகத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பல பியானோக்கள் ஒலித்த இரைச்சல் தகரத் தட்டுகளைத் தட்டுவதுபோல இருந்ததாம். அதனால் அத்தெருவுக்குத் தகரத் தட்டுச் சந்து எனப் பொருள்படும் 'டின் பான் ஆலி' என்ற பெயர் ஏற்பட்டது. புதுப்பாடலைப் பரப்புவதற்கென்றே பதிப்பகங்கள் ஆட்களை அமர்த்தின. அரங்கில் கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்திருந்து, மேடையில் பாட்டு முடிந்ததும் தாமாகவே எழுந்து மீண்டும் பாடிக் கைத்தட்டலைத் தூண்டுவது அவர்களுடைய வேலை. பெர்லினும் சிறுவனாக இருந்தபோது அவ்வேலையைச் செய்திருக்கிறார். எந்த வரி கூட்டத்தைக் கவர்கிறது, எந்த வரியில் கூட்டம் சோர்கிறது என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை. பார்வையாளர் முகத்தில் படித்தார்.

அவர் இசையமைக்கத் தொடங்கியது ஒரு தற்செயல். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தொராந்தோ என்ற இத்தாலிய மாரத்தான் வீரர் எல்லைக்கோட்டருகே தள்ளாடி விழுந்ததும், பிறர் தாங்கிப் பிடித்ததால் வெற்றியை இழந்ததும் அன்று உலகமே பேசிய செய்தி. அதைப் பற்றி நகைச்சுவைப் பாடலொன்றை எழுதிய பெர்லின், அதனை ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டு சென்றார். பதிப்பாளர் மெட்டும் உண்டு என்றே நினைத்துக்கொண்டு, சொல்லுக்கும் மெட்டுக்கும் சேர்த்து இருபத்தைந்து டாலர் தருவதாகக் கூறினார். மெட்டு இல்லை என்று சொன்னால் அத்தொகை கைநழுவிப் போகும். பெர்லின் மறுக்கவில்லை. அடுத்த அறையிலிருந்த இசைக்குறி எழுதுபவரிடம் செல்வதற்குள் ஒரு மெட்டை மனத்தில் கட்டி, அவர் முன் பாடிக் காட்டிவிட்டார். விரைவில் அப்பதிப்பகத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் அதன் பங்குதாரராகவும் ஆனார்.

நாலரைக் கட்டை

பெர்லின் தம் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் ஒரே சுருதியில்தான் பியானோ வாசித்தார். அது மேலையிசையில் எஃப் ஷார்ப். நம் வழக்கில் சொன்னால் நாலரைக் கட்டை. கறுப்புக் கட்டைகள் ஐந்தும் அச்சுருதியில் அடங்கும். தாமே பழகியவருக்கு, உயர்ந்து நிற்கும் கறுப்புக் கட்டைகள் விரலுக்கு எளிதில் தட்டுப்பட்டன போலும். பாடகர் வேறு சுருதி கேட்டால் என்ன செய்வது? அதற்கெனவே செய்யப்பட்ட தனிவகைப் பியானோவை அவர் வாங்கினார். ஒரு நெம்புகோலை நகர்த்தினால் கட்டைவரிசை இடம்பெயர்ந்து, விரல்கள் அதே கட்டைகளில் நடக்க, ஒலி வேறு சுருதியில் எழும். நம் பாகவதர்களும் பஜனைக் குழுவினரும் பயன்படுத்தும் சுருதி மாற்றும் ஆர்மோனியத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதன்று. பெர்லின் பயன்படுத்திய அத்தகைய பியானோ ஒன்று இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.

இசைக்குறி எழுதத் தெரியாததால், எப்போதும் ஓர் இசையறிந்த உதவியாளரை உடன் வைத்திருந்தார். பெர்லின் பாடியும் வாசித்தும் காட்டுவார், உதவியாளர் குறிப்பெடுப்பார், பின் அதனை வாசித்துக் காட்டுவார். மெட்டின் அடியில் சேர வேண்டிய சுரக்கூட்டு தம் மனத்தில் ஒலித்தபடி அமையும்வரை பெர்லின் விடமாட்டார். பெரும்பாலும் இரவு முழுதும் விழித்து எழுதுவதே அவர் வழக்கம். படிப்பில்லாதவரின் எளிய கைவண்ணம் என்று அவருடைய பாடல்களைக் கருதிவிடக் கூடாது. அன்றாடப் பேச்சில் வழங்கும் சிறு சொற்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் இயல்பான அழுத்தம் மெட்டின் அழுத்தத்தோடு ஒட்டிவிழுமாறு அமைப்பது கடும் உழைப்பால் வருவது. எழுதியதில் பெரும்பகுதியை அவர் எறிந்தார். எஞ்சியதே ஏறத்தாழ 1,500 பாடல்கள் எனக் கணக்கிடப்படுகிறது.

1911இல் வெளிவந்த 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' அவரை உலகறியச் செய்தது. அதன் இசைத்தாள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அப்போது பெர்லினுக்கு வயது இருபத்து மூன்று. இங்கு ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ராக்டைம் என்னும் இசைவகை ஸ்காட் ஜாப்லின் முதலிய கறுப்பினக் கலைஞர்களின் படைப்பு. அவர்கள் ஆக்கியதன் புகழையும் பொருளையும் வெள்ளையர்களே மிகுதியாக அடைந்தனர். பெர்லினின் பாடலில் ராக்டைமின் பெயர் இருந்த அளவுக்கு அதன் தாள நுட்பம் இல்லை என்பது இசையறிஞர் கருத்து. தெருவோரத்தில் பசித்துப் பாடிய குடியேறியும் தமக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த ஒரு மக்களின் உழைப்பின்மீது ஏறி நின்றார் என்பதை மறுப்பதற்கில்லை.

அடுத்த ஆண்டே அவர் வாழ்வில் பேரிடி விழுந்தது. 1912 பிப்ரவரியில் டோரதி கோட்ஸ் என்ற பெண்ணை மணந்தார். மணவிழாவுக்குப் பின் இருவரும் கியூபா சென்றனர். அங்கு டோரதியைக் குடற்காய்ச்சல் பற்றியது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே அவர் இறந்தார். சில மாதங்கள் எதுவும் எழுத இயலாமல் இருந்த பெர்லின், பின்னர் 'வென் ஐ லாஸ்ட் யூ' என்ற துயரப் பாடலை எழுதினார். அதுவரை வேடிக்கைப் பாட்டுகளால் அறியப்பட்டவர், அப்பாடலுக்குப்பின் நெஞ்சுருகும் பாடல்களையும் எழுத வல்லவர் என அறியப்பட்டார்.

பாட்டுக்கு விலை

இசைத்தாள் விற்றால் பாடலாசிரியருக்குப் பங்கு உண்டு. ஆனால், உணவுவிடுதிகளிலும் நடன அரங்குகளிலும் அதே பாடலை நாள்தோறும் பாடி உரிமையாளர்கள் கூட்டம் சேர்த்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. பாடல் காற்றில் கலந்த பொருள், அதற்கு விலையில்லை என்பது வணிகர் எண்ணம். இதனை எதிர்த்து 1914இல் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பதிப்பாளர்களும் ஒரு சங்கத்தை அமைத்தனர். ஆஸ்காப் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அச்சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் பெர்லினும் ஒருவர். அவ்வமைப்பின் இன்னொரு முன்னோடியான விக்டர் ஹெர்பர்ட், தம் இசையை இலவசமாகப் பயன்படுத்திய ஷான்லி என்ற நியூயார்க் உணவுவிடுதிமீது வழக்குத் தொடுத்தார். விருந்தினரிடம் இசைக்கெனத் தனிக்கட்டணம் வாங்கவில்லை என்பது விடுதியின் வாதம். 1917இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. உணவுக்குக் கொடுக்கும் பணத்தில் இசைக்கும் பங்குண்டு என்ற அடிப்படையில் ஹெர்பர்ட்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மதுக்கூடத்தில் பாட்டும் பரிமாறியவருக்கு இத்தீர்ப்பின் பொருள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்திருக்கும்.

பெர்லின் தம் பாடல்களின் உரிமையை எந்நாளும் கைவிடவில்லை. 1919இல் தமக்கென்று ஓர் இசைப் பதிப்பகம் தொடங்கினார். 1921இல் சாம் ஹாரிஸ் என்ற நாடகத் தயாரிப்பாளருடன் சேர்ந்து, மியூசிக் பாக்ஸ் என்னும் அரங்கை பிராட்வேயில் கட்டினார். தம் பாடல்களுக்காகவே அரங்கு கட்டிய பாடலாசிரியர் அவரைப்போல வேறொருவரைக் காண்பது அரிது.

இதற்கிடையில் முதல் உலகப்போர் வந்தது. 1918இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சில மாதங்களிலேயே அவர் படையில் சேர்க்கப்பட்டார். இரவெல்லாம் விழித்துப் பாட்டெழுதிப் பகலில் உறங்கிப் பழகியவருக்கு விடியற்காலையில் ஊதும் கொம்பு பெருந்துன்பமாக இருந்தது. அத்துன்பத்தையே ஒரு நகைச்சுவைப் பாடலாக்கினார். லாங் ஐலண்டில் இருந்த தம் முகாமின் வீரர்களைக் கொண்டே ஓர் இசை நாடகம் நடத்தி, முகாமுக்கு ஒரு கட்டடம் எழுப்ப நிதி திரட்டினார். அந்நாடகத்துக்கென எழுதிய ஒரு பாடல் மிகவும் உணர்ச்சிப் பெருக்காக இருப்பதாகக் கருதி அதனை எடுத்து வைத்துவிட்டார். இருபது ஆண்டுகள் அது பெட்டியில் உறங்கியது.

1920களில் அவர் எல்லின் மக்கே என்ற எழுத்தாளரை விரும்பினார். எல்லினின் தந்தை கிளாரன்ஸ் மக்கே தந்தி நிறுவனங்களின் அதிபர், பெருஞ்செல்வர், கத்தோலிக்கர். தெருவில் பாடி வளர்ந்த யூதருக்குத் தம் மகளைத் தர அவர் உடன்படவில்லை. மகளை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று பிரித்துவைக்கவும் முயன்றார். 1926 ஜனவரி 4ஆம் நாள் இருவரும் நிலத்தடி இரயிலில் பயணம் செய்து, நகராட்சிக் கட்டடத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். 'ஆல்வேஸ்' என்ற தம் பாடலின் உரிமையை மனைவிக்கு மணப்பரிசாக எழுதிக் கொடுத்தார் பெர்லின். தந்தை மகளைத் தம் சொத்திலிருந்து விலக்கினார். 1928 டிசம்பரில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம்கூட நிறைவடையாமல், கிறிஸ்துமஸ் நாளன்று அக்குழந்தை இறந்தது. அவ்வீட்டில் அந்நாள் பின்னர் ஒருபோதும் முழு மகிழ்ச்சியாக விடியவில்லை.

திரையில் எழுந்த குரல்

1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' என்ற திரைப்படம் வெளிவந்தது. காட்சியோடு ஒலியும் இணைந்து, நடிகர் பாடுவதையும் பேசுவதையும் மக்கள் கேட்ட முதல் முழுநீளப் படம் என்று இது போற்றப்படுகிறது. தொழுகைக் கூடத்தில் பாடும் தந்தையின் வழியை விட்டு விலகி, மேடைப் பாட்டைத் தேடிச் செல்லும் மகனின் கதை அது. கதாநாயகன் அல் ஜோல்சன், தாயின் முன் பியானோவில் அமர்ந்து பாடுகின்ற பாட்டு பெர்லின் எழுதிய 'ப்ளூ ஸ்கைஸ்'. அக்கதையையே வாழ்ந்தவரின் பாடல் அக்கதையில் இடம்பெற்றது பொருத்தமானதே.

படங்கள் பாடத் தொடங்கியதும் ஹாலிவுட்டுக்குப் பாடல்கள் தேவைப்பட்டன. நியூயார்க்கின் பாடலாசிரியர்கள் இரயிலேறிக் கலிபோர்னியாவுக்குப் படையெடுத்தனர். வார்னர் நிறுவனம் ஒருபடி மேலே சென்று, 1929இல் பெரிய இசைப் பதிப்பகங்களையே விலைக்கு வாங்கியது. அரங்கத்தில் தாமே தலைவராக இருந்த பாடலாசிரியர்கள் படப்பிடிப்பு நிலையத்தில் சம்பளக்காரர்கள் ஆயினர். ஒரே ஆண்டில் அளவின்றி இசைப்படங்கள் குவியவே மக்களுக்குச் சலிப்புத் தட்டியது. 1930இல் 'ரீச்சிங் ஃபார் த மூன்' என்ற படத்துக்குப் பெர்லின் எழுதிய பாடல்களில் பெரும்பாலானவை படம் வெளிவருமுன் வெட்டப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சியில் அவர் சேமிப்பும் கரைந்திருந்தது. இனி தம்மால் எழுத இயலாது என்றே அவர் அஞ்சிய காலம் அது. 1932இல் வெளிவந்த 'சே இட் இஸ்ன்ட் சோ', 'ஹௌ டீப் இஸ் தி ஓஷன்' ஆகிய இரு பாடல்களே அவரை மீட்டன.

அடுத்த ஆண்டு, பிராட்வேயில் அவர் செய்த செயல் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 'ஆஸ் தௌசண்ட்ஸ் சியர்' என்ற அவ்விசைநாடகத்தில் ஒவ்வொரு காட்சியும் ஒரு நாளிதழ்த் தலைப்போடு தொடங்கும். பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சிகள். அவற்றினிடையே ஒரு தலைப்பு, கறுப்பினத்தவர் ஒருவர் வெறிகொண்ட கும்பலால் கொல்லப்பட்ட செய்தி. அவருடைய மனைவி இரவு உணவுக்கு மேசையை ஒழுங்குசெய்கிறார். தந்தை இனி வரமாட்டார் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று கலங்குகிறார். 'சப்பர் டைம்' என்ற அப்பாடலை எத்தெல் வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் பாடினார். கேளிக்கைக்கு வந்தவர்களிடம் இதனைக் காட்டலாமா என்று சிலர் தயங்கினர். பாடல் நீக்கப்படவில்லை. அக்கலைஞரின் பெயரும் வெள்ளை நடிகர்களின் பெயர்களோடு முதன்மை வரிசையில் இடம்பெற்றது.

1935இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் 'டாப் ஹாட்' படத்துக்கு எழுத அவர் மீண்டும் ஹாலிவுட் சென்றார். இம்முறை சம்பளக்காரராகச் செல்லவில்லை. படத்தின் வருவாயில் பங்கு கேட்டுப் பெற்றார். ஃபிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ் இணையரின் நடனத்துக்கு உலகெங்கும் வரவேற்பு இருந்த காலம். அஸ்டேரின் குரல் பெரிய குரலன்று. ஆனால் சொல்லைத் தெளிவாகவும் தாளம் பிசகாமலும் பாடுவார். ஆகவே தம் பாடல்களை அஸ்டேர் பாடுவதையே பெர்லின் மிகவும் விரும்பினார். அப்படத்தில் இடம்பெற்ற 'சீக் டு சீக்' அக்காலப் பாடல்கள் பெரும்பாலும் பின்பற்றிய முப்பத்திரண்டு தாள அளவைக் கடந்து நீண்டு செல்வது. நடனம் வளர வளரப் பாடலும் வளர வேண்டும் என்பதை உணர்ந்து கட்டப்பட்ட மெட்டு அது. பாடலைக் கதையின் இடைச்செருகலாக வைக்காமல், கதைமாந்தர் பேச்சிலிருந்து நடனத்துக்குச் செல்லும் படிக்கட்டாக வைத்ததே இப்படங்களின் புதுமை.

பெட்டியில் உறங்கிய பாட்டு

1938இல் ஐரோப்பாவின்மீது போர்மேகம் சூழ்ந்தது. பாடகர் கேட் ஸ்மித், முதல் உலகப்போர் ஓய்ந்த நினைவுநாளை ஒட்டித் தம் வானொலி நிகழ்ச்சியில் பாட ஒரு நாட்டுப்பற்றுப் பாடல் வேண்டுமென்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த பாடலைப் பெர்லின் வெளியே எடுத்தார். சில சொற்களை மாற்றினார். அதுவே 'காட் பிளெஸ் அமெரிக்கா'. நாட்டின் அதிகாரப்பூர்வமற்ற இரண்டாம் நாட்டுப்பண் என்னும் அளவுக்கு அது பரவியது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் பிறந்த யூதர் ஒருவர் அமெரிக்காவை வாழ்த்துவதா என்று இனவெறி அமைப்புகள் கூச்சலிட்டன. வேறொரு பக்கத்திலிருந்து வூடி கத்ரி என்ற நாட்டுப்புறப் பாடகர், பசித்தவர்கள் வரிசையில் நிற்கும் நாட்டில் இவ்வாழ்த்துப் பொருந்தவில்லை எனக் கருதி, அதற்கு மறுமொழியாக 1940இல் வேறு ஒரு புகழ்பெற்ற பாடலை எழுதினார். முன்னதன் கூச்சலுக்கு மதிப்பில்லை. பின்னவரின் கேள்விக்கு மதிப்புண்டு. பெர்லின் அப்பாடலால் ஒரு காசும் ஈட்ட விரும்பவில்லை. அதன் உரிமத்தொகை முழுவதையும் சாரணர், சாரணியர் இயக்கங்களுக்கு எழுதிவைத்தார்.

'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடலும் அக்காலத்ததே. 1941 கிறிஸ்துமஸ் நாளில் பிங் கிராஸ்பி அதனை வானொலியில் பாடினார். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1942இல் 'ஹாலிடே இன்' படத்தில் அது இடம்பெற்றது. பெர்லின் எழுதிய முழுப்பாடலுக்கு ஒரு முன்னுரைப் பகுதி உண்டு. பனைகளும் பசும்புல்லும் வெயிலும் நிறைந்த கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவர், பனி பொழியும் வடக்கை எண்ணி ஏங்குவதாக அது தொடங்கும். கிராஸ்பியின் இசைத்தட்டில் அம்முன்னுரை இல்லை. அதனால் யார், எங்கிருந்து ஏங்குகிறார் என்பது மறைந்து, ஏக்கம் மட்டும் எஞ்சியது. பசிபிக் தீவுகளிலும் ஆப்பிரிக்க மணலிலும் போரிட்ட வீரர்கள் அவ்வேக்கத்தைத் தங்களுடையதாகக் கொண்டு, அதனை மீண்டும் மீண்டும் ஒலிபரப்புமாறு கேட்டனர். உலகில் மிகுதியாக விற்ற இசைத்தட்டு என அது கணக்கிடப்படுகிறது. ஐந்து கோடிக்கு மேல். கிறிஸ்துமஸ் அவருடைய சமயத் திருநாளன்று. அவர் மகனைப் பறித்த நாள். சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விருதை அறிவிக்கும் பொறுப்பு அவ்வாண்டு பெர்லினுக்கே தரப்பட்டிருந்தது. உறையைப் பிரித்துத் தம் பெயரைத் தாமே படித்து, விருதைத் தாமே பெற்றுக்கொண்டார்.

அதே 'ஹாலிடே இன்' படத்தில், ஆப்பிரகாம் லிங்கனைப் போற்றும் பாடலை வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடும் காட்சியும் உண்டு. கறுப்பினத்தவரை ஏளனம் செய்த பழைய மேடை வழக்கம் அது. 'சப்பர் டைம்' எழுதியவரே இதற்கும் எழுதினார் என்பது வியப்பளிக்கிறது. அவர் வளர்ந்த மேடை அவரை விட்டு முழுதும் நீங்கவில்லை. அதே ஆண்டில் படைவீரர்களைக் கொண்டு 'திஸ் இஸ் தி ஆர்மி' என்ற இசைநாடகத்தை உருவாக்கியபோதும் அத்தகைய காட்சியோடு தொடங்கவே அவர் முதலில் எண்ணினார். இயக்குநர் எஸ்ரா ஸ்டோன் வாதாடியபின் கைவிட்டார். ஆனால், கறுப்பின வீரர்களும் குழுவில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பிரிவுகளாகவே வைக்கப்பட்டிருந்த அன்றைய அமெரிக்கப் படையில் அக்குழு ஒரு விதிவிலக்காக இருந்தது. பிரிட்டன், வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பசிபிக் தீவுகள் எனப் போர் முடியும்வரை அக்குழு சுற்றியது. தம் பழைய சிப்பாய் உடையை அணிந்து, விடியற்காலைக் கொம்பைப் பற்றிய அந்தப் பழைய பாட்டைப் பெர்லின் தாமே மேடையேறிப் பாடினார். படைவீரர் குடும்ப நல நிதிக்கு அந்நாடகமும் அதன் திரைப்பட வடிவமும் ஏறத்தாழ ஒரு கோடி டாலர் ஈட்டித் தந்தன.

அக்காலத்து வேடிக்கை ஒன்று. வாஷிங்டனிலிருந்து அறிவார்ந்த அரசியல் அறிக்கைகளை அனுப்பிவந்த ஐசையா பெர்லின் என்ற தத்துவ அறிஞரைச் சந்திக்க விரும்பினார் பிரிட்டன் தலைமை அமைச்சர் சர்ச்சில். பெயர்க்குழப்பத்தால் 1944இல் விருந்துக்கு அழைக்கப்பட்டவர் இர்விங் பெர்லின். போர் எப்போது முடியும், அமெரிக்க அரசியல் எப்படிப் போகிறது என்று சர்ச்சில் வினவ, பாடலாசிரியர் திகைத்துத் திகைத்து விடையளித்தாராம்.

மங்கிய மாலை

1945 நவம்பரில் இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் திடீரென இறந்தார். அவர் இசையமைக்கவிருந்த 'ஆனி கெட் யுவர் கன்' என்ற நாடகம் பெர்லினிடம் வந்தது. பாடல்கள் கதையிலிருந்தே பிறக்க வேண்டும் என்ற புதிய நாடகமுறை தமக்கு வருமா என்று அவர் தயங்கினார். பின் ஒப்புக்கொண்டு மிகக் குறுகிய காலத்தில் பாடல்களை எழுதி முடித்தார். 1946இல் தொடங்கிய அந்நாடகம் 1,147 முறை நடந்தது. அதுவே அவருடைய மிகப்பெரிய மேடை வெற்றி.

1962இல் அரங்கேறிய 'மிஸ்டர் பிரசிடென்ட்' தோல்வியுற்றது. அதன்பின் அவர் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். இளைஞரின் ராக் இசை அவருக்குப் பிடிக்கவில்லை. 1957இல் எல்விஸ் பிரெஸ்லி 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடலைத் தம் பாணியில் பாடியபோது, அதனை ஒலிபரப்ப வேண்டாமென வானொலி நிலையங்களை வேண்டும் அளவுக்குச் சினந்தார். ராக்டைம் கேட்டு முகம் சுளித்த அந்நாளைய முதியவர்களின் இடத்தில் இப்போது அவர் இருந்தார். பாடல்களோ அவரைக் கேளாமலே பயணம் செய்தன. 1975 ஏப்ரலில் சைகோன் நகரை விட்டு வெளியேறுமாறு அமெரிக்கர்களுக்கு அறிவிக்கும் மறைகுறிப்பாகப் படை வானொலியில் ஒலித்தது, வெயில் கொளுத்திய அம்மாதத்தில், 'ஒயிட் கிறிஸ்துமஸ்'.

1977இல் அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் விடுதலைப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1987 தொடங்கியபோது 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' பாடலின் பதிப்புரிமைக் காலம் முடிந்திருந்தது. அந்நாட்டின் அன்றைய சட்டப்படி அதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளே காப்பு இருந்தது. தம் பாடல்களைக் கண்ணைப்போல் காத்த அவர், தம் முதல் பெருவெற்றி எவரும் எடுத்துப் பாடக்கூடிய பொதுச்சொத்தானதைக் காணும்வரை உயிருடன் இருந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அவருடைய நூறாம் பிறந்தநாளை நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கலைஞர்கள் திரண்டு கொண்டாடினர். அவர் அங்குச் செல்லவில்லை. இரு மாதம் கழித்து, அறுபத்திரண்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த எல்லின் மறைந்தார். 1989 செப்டம்பர் 22ஆம் நாள், பீக்மன் பிளேஸ் என்னும் தெருவிலிருந்த தம் வீட்டில் பெர்லின் காலமானார். அப்போது அவருக்கு வயது 101. பிராங்க்ஸ் பகுதியில் உள்ள வுட்லான் கல்லறைத் தோட்டத்தில், மனைவிக்கும் அந்தக் குழந்தைக்கும் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.